பழவேற்காடு டூ நாகப்பட்டினம்: ஒரு தலைநகர் வீடு மாறின கதை

பெங்களூர்ல புது வேலை. சென்னை வீட்டைக் காலி பண்ணணும். போன வாரம் பேக்கர்ஸ் ஆளு ஒருத்தர் அட்டையும் பேனாவுமா வந்து ரூம் ரூமா எழுதிக்கிட்டார். பீரோ 1, கட்டில் 2, வாஷிங் மெஷின் 1, புத்தகப் பெட்டி 9 ("இத்தனையா சார்?"). கடைசியா அம்மா, "ஆட்டுக்கல்லை எழுதிக்கலையா தம்பி?"ன்னு கேட்டாங்க. "கல்லெல்லாம் ஏத்தறதில்லைம்மா, லிஸ்ட்லயே கிடையாது"ன்னுட்டார். அம்மா அன்னிக்கு முழுக்க சரியா பேசலை.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் ஊரைவிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடலாம்னு பழவேற்காடு போனேன். அங்கே சுத்தும்போதுதான் தோணிச்சு. நம்ம கடற்கரையில இதைவிடப் பெரிய வீடு மாத்தல் ஒண்ணு நடந்திருக்கு. ஒரு தலைநகரமே மாறியிருக்கு. அந்த லிஸ்ட்லயும் ஏறாத விஷயங்கள் நிறைய.

முதலில் குடிவந்த கதை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம வ.உ.சி. இல்லை, அவர் வேற :-)). இந்தக் கம்பெனி 1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டது. 1612ல் சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர்கள் வந்து அதை நொறுக்கிவிட்டுப் போனார்கள். 1613ல் கோட்டை எழுந்தது. பெயர் ஜெல்ட்ரியா. அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாண்டின் பெயர் அது. ஊர்ப்பாசம் எல்லாருக்கும் உண்டு போல.

இந்தச் சின்ன ஊரில் அவர்களுக்கு அப்படி என்ன? துணி. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தது மொலுக்காஸ் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் பதிலுக்குக் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. துணி இல்லாவிட்டால் கிராம்பு இல்லை. அதனால்தான் ஹெண்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி 1612லேயே இந்தக் கரையை மொலுக்காஸின் இடது கை என்று வர்ணித்தார். பழவேற்காட்டில் நாணயச்சாலை வந்தது, வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது, கவர்னர் வந்தார். ஆபிரகாம் ரோஜர் என்ற பாதிரியார் 1632லிருந்து பத்து வருஷம் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் சமயப் பழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1651ல் லெய்டனில் அச்சானது. ஆக, இது ஏதோ நாலு குடோன் இருந்த இடமில்லை. சோழமண்டலக் கரை முழுக்க இருந்த டச்சு வியாபாரத்துக்கு ஹெட் ஆபீஸ்.

எண்பது வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் ஏன் மாறணும்?

நாம வீடு மாறுகிற அதே காரணங்கள்தான். அக்கம்பக்கம் சரியில்லை, வேறு இடத்தில் வசதி அதிகம். பழவேற்காடு 1640களில் கோல்கொண்டா சுல்தான் கைக்குப் போனது. 1687ல் அந்தக் கோல்கொண்டாவையே ஔரங்கசீப் பிடித்தார். அனுமதி கொடுத்த அரசு மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் வாடகை ஒப்பந்தத்தை முதலிலிருந்து பேச வேண்டும். போதாததற்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் 1639ல் முளைத்த ஆங்கிலேயரின் மதராஸ் வளர்ந்து, 1688ல் மாநகராட்சியே ஆகிவிட்டது.

நாகப்பட்டினத்தின் கணக்கு வேறு. 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த ஊர். தஞ்சை நாயக்கரிடமும், அப்புறம் வந்த மராட்டியர் ஏகோஜியிடமும் உரிமை எழுதி வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் காவிரிப் படுகை, அதனால் அரிசிக்குக் கவலையில்லை. கடலைத் தாண்டினால் அவர்கள் கையிலேயே இருந்த யாழ்ப்பாணம். ஒரு ஆபத்து என்றால் இலங்கையிலிருந்து ஆள் வர முடியும். பழவேற்காட்டுக்கு அந்த வசதி இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுத்தவர் ஹெண்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீடு. கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிய 12 தொகுதி 'ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்' இவருடைய ஏற்பாடுதான். 1684ல் கம்பெனி இவரை வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார், சூரத் எல்லாவற்றையும் தணிக்கை பண்ண அனுப்பியது. ஊழலைப் பிடி, செலவைக் குறை. நம்ம பாஷையில், ஹெட் ஆபீஸ் அனுப்பிய ஆடிட்டர். அவர் உத்தரவில் 1690ல் தலைநகர் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அப்போது கவர்னர் லாரன்ஸ் பிட்.

திட்டத்தை ஒரு இன்ஜினியராகப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையே வருகிறது. முதல் விஷயம், புது வீட்டைத் தயார் பண்ணிவிட்டுத்தான் பழைய வீட்டைக் காலி பண்ணினார்கள். 1680களின் கடைசியிலேயே நாகப்பட்டினத்தில் பெரிய கோட்டை எழும்பியது. ஐந்து கொத்தளம், பெயர் 'ஐம்புலன்கள்'. இரண்டாவது, பழைய இடத்தை மூடவில்லை. ஜெல்ட்ரியாவில் சிறிய படையும் வியாபாரமும் தொடர்ந்தன. எங்க ஆபீஸ்ல புது சர்வர் ஓட ஆரம்பிச்சாலும் பழசை உடனே அணைக்க மாட்டோம். அதே புத்தி.

மூன்றாவது, காலண்டர். இரண்டு ஊருக்கும் நடுவில் கடல்வழி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இன்னிக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம். பாய்மரக் காலத்தில் அது தேதியைப் பொறுத்தது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று, புயல். அந்த மாதங்களில் கப்பல்கள் இந்தக் கரையில் நங்கூரம் போட்டு நிற்பதையே தவிர்த்தன. தவிர, இரண்டு ஊரிலும் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தூரத்தில் நிறுத்தி, கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டி ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் நாலு தடவை தூக்கணும், ஒவ்வொரு தடவையும் கூலி, ஒவ்வொரு தடவையும் நனையற அபாயம். "லோடிங், அன்லோடிங் தனி சார்"னு எங்க வீட்டுக்கு வந்தவர் சொன்னதும் இதேதான்.

சரி, லிஸ்ட்டில் ஏறாத விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கம்பெனியைக் கம்பெனியாக்கியவர்கள் நெசவாளிகள். அவர்கள் தறி குழித்தறி. வீட்டுத் தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. பஞ்சமோ போரோ வந்தால் நெசவாளிகளும் ஊர் மாறினார்கள். மரச்சட்டத்தைத் தோளில் தூக்கலாம், குழியைத் தூக்க முடியாது. போன இடத்தில் புதுசாகத் தோண்ட வேண்டும். வியாபாரி வழியாகக் கிடைக்கும் முன்பணம், கஞ்சிக்கும் சாயத்துக்கும் பழகின தண்ணீர், கடன் கொடுக்கும் கடை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். அந்தச் செலவு நெசவாளி தலையில்தான்.

இன்னொன்று, எழுதவே கஷ்டமான விஷயம். பழவேற்காட்டிலிருந்து ஆட்களும் இடம் மாற்றப்பட்டார்கள், அடிமைகளாக. 1620களிலிருந்து பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை இந்தத் துறையிலிருந்து கம்பெனி கப்பலேற்றியது. பலர் போய்ச் சேர்ந்த இடம் பட்டேவியா, இன்றைய ஜகார்த்தா. தலைநகரை மாற்றத் திட்டம் போட்ட அதே சமயத்தில், 1687-88ல், மழை பொய்த்து, வடக்கே முகலாயர் படையும் நெருங்க, தஞ்சைப் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் விற்கப்பட்டார்கள். சிறுமிகளும் சிறுவர்களும்தான் அதிகம். ஆசிய வியாபாரிகள் அவர்களை நாகப்பட்டினம் வழியாக ஏச்சே, ஜோகூர் சந்தைகளுக்குக் கொண்டுபோனார்கள். கவர்னரின் மேஜை எந்தக் கப்பலில் போக வேண்டும் என்று யோசிக்க ஆள் இருந்தது. இந்தப் பிள்ளைகள் எங்கே போகணும்னு அவங்களைக் கேக்க யாரும் இல்லை. கம்பெனி ஏற்றியவர்கள் கணக்கில் வந்தபோதும் சரக்காகத்தான் வந்தார்கள்.

இவ்வளவு திட்டம் போட்டு மாறியது நிலைத்ததா? 91 வருஷம். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1784 ஒப்பந்தத்தில் அந்த ஊர் அவர்களுக்கே போய்விட்டது. டச்சுக்காரர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? பழவேற்காட்டுக்கேதான்! அதையும் 1781ல் பறிகொடுத்து, சமாதானத்துக்குப் பின் 1785ல் திரும்ப வாங்கியிருந்தார்கள். பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருந்தது உதவியது. ஆனால் அதற்குள் கரை முழுக்க ஆங்கிலேயர் ராஜ்யம். 1795ல் மறுபடி போய், 1818ல் திரும்ப வந்து, 1824 ஒப்பந்தப்படி 1825ல் ஒரேயடியாகக் கைமாறியது.

இன்னிக்குப் போனால் கோட்டை இருந்த இடம் புதர். மிச்சமிருப்பது கல்லறைத் தோட்டம்தான். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் 76 கல்லறைகள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் கொஞ்சம் பகீர்னு இருக்கும். கல்லறைகளில் இருக்கிற வருஷங்களைப் படியுங்கள். 1690க்குப் பிந்தியவையும் உண்டு. ஹெட் ஆபீஸ் போன பிறகும் இங்கேயே இருந்து செத்தவர்கள்.

ஏரியில் கூட்டிப்போன படகுக்கார அண்ணனிடம் டச்சுக்காரன் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் போயிட்டான் தம்பி. எங்களுக்கு முகத்துவாரம் மூடாம இருந்தா போதும்"னார். கடலும் ஏரியும் சேரும் வாயில் மணல் அடைத்தால் மீன் வரத்து போச்சு, படகு கடலுக்குப் போக வழியும் போச்சு. அவர் ஏரியை எந்த லாரியில் ஏத்தறது?

ஒண்ணே ஒண்ணு மட்டும் செலவில்லாமல் ஊர் மாறியிருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிகாட்'. பெலிகாட் என்றால் நம்ம பழவேற்காடுதான். துணியோடு சேர்ந்து ஊர்ப் பெயரும் போய், அங்கேயே குடியேறிவிட்டது.

எங்க வீட்டுக்கு வர்ற சனிக்கிழமை லாரி. பேக்கர்ஸுக்கு மறுபடி போன் பண்ணி, தனியாக் காசு தர்றேன்னு சொல்லி ஆட்டுக்கல்லை லிஸ்ட்ல சேத்துட்டேன். அம்மா இப்ப பேசறாங்க :-)