ஜெனரிக்

லத்தீனில் 'கெனுஸ்' என்றால் இனம், குலம். அதிலிருந்து கிளைத்த சொல்தான் ஜெனரிக்: ஓர் இனம் முழுவதற்கும் பொதுவானது. அதே ஆதி வேரிலிருந்து வடமொழியில் கிளைத்தது 'ஜன'. நம் பேச்சில் சனம். 2008இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'ஜன் ஔஷதி' மருந்துக் கடைக்குள் ஜெனரிக் மாத்திரை இருப்பது, ஒரு வகையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான்.

காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் டோலோ, இன்னொன்றில் கால்பால். இரண்டிலும் 'பாராசிட்டமால் ஐ.பி.' என்றொரு வரி இருக்கும். முன்னது கம்பெனி சூட்டிய பெயர், பின்னது மருந்தின் இயற்பெயர், அதாவது ஜெனரிக் பெயர். இந்த இயற்பெயர்களுக்கு விகுதிகூட உண்டு: 'வாஸ்டாட்டின்' என முடிந்தால் கொழுப்பைக் குறைப்பது, 'ப்ரில்' என முடிந்தால் பெரும்பாலும் ரத்த அழுத்தத்துக்கு. தமிழாசிரியர்களுக்கு இது பிடிக்கும்.

ஜெனரிக் மருந்தைத் தமிழில் 'பொதுப்பெயர் மருந்து' எனலாம். 'மலிவு மருந்து' என்பது எனக்கு உடன்பாடில்லை. மலிவு அதன் பொருளல்ல, விளைவு. 20 ஆண்டுக் காப்புரிமை முடிந்ததும் பிற கம்பெனிகளும் தயாரிக்கலாம். முதல் ஆய்வுகளின் செலவு அவற்றுக்கு இல்லை, போட்டியில் விலை இறங்குகிறது.

கடையில் கம்பெனி மாத்திரைக்குப் பதிலாக ஜெனரிக் கேட்கும்போது பெயரோடு மி.கி. அளவையும் ஒப்பிடுங்கள். பின்னால் 'எஸ்.ஆர்.' என்றிருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதற்கு ஈடாகச் சாதாரண மாத்திரையை வாங்கிவிடக் கூடாது.