பெயர் ஒன்று, இயல்பு இரண்டு: பால் ஈஸ்ட்டின் வரலாறு

1888இல் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஓர் ஈஸ்ட்டை விவரித்தார். அதனைத் திராட்சையிலிருந்து பிரித்தெடுத்த மார்க்ஸ் என்பவரின் நினைவாக 'மார்க்ஸியானஸ்' என்று பெயரிட்டார். 1909இல், கெஃபிர் என்னும் புளித்த பாலில் வாழும் ஈஸ்ட்டுக்கு யோர்கென்சன் 'ஃப்ராஜிலிஸ்' என்று பெயர் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டியல் இவ்விரண்டையும் ஓரினமாகக் கண்டு, க்ளூய்வெரோமைசஸ் மார்க்ஸியானஸ் என்ற பெயரின்கீழ் இணைத்தது. அப்பேரினத்தை 1956இல் நிறுவிய வான் டெர் வால்ட், டெல்ஃப்ட் நகர அறிஞர் க்ளூய்வரின் நினைவாக அதற்குப் பெயரிட்டிருந்தார்.

இணைத்தது பிழையன்று. ஆயினும் பாலில் வாழ்வதற்கும் பிற இடங்களில் வாழ்வதற்கும் இடையிலான வேறுபாடு ஒற்றைப் பெயருக்குள் மறைந்துபோயிற்று.

பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸை ஈஸ்ட் பயன்படுத்த இரண்டு வேலைகள் நடைபெற வேண்டும். லாக்12 மரபணு தரும் கடத்துபுரதம் அதனைச் செல்லுக்குள் கொண்டுவர வேண்டும். லாக்4 தரும் நொதி அதனைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிளக்க வேண்டும். 2017இல் வெளியான ஆய்வொன்று, லாக்டோஸில் நன்கு வளராத திரிபுகளிலும் லாக்12 இருப்பதையும், அதன் புரத அமைப்பின் சில மாற்றங்களே குறைக்குக் காரணம் என்பதையும் காட்டியது. மறு ஆண்டில் 14 திரிபுகளின் மரபணுத்தொகுதிகள் ஒப்பிடப்பட்டன. பால்சார்ந்தவை பெரும்பாலும் இருமடிய, மும்மடிய நிலையிலும், ஏனையவை பெரும்பாலும் ஒருமடிய நிலையிலும் இருந்தன.

உறவினமான க்ளூய்வெரோமைசஸ் லாக்டிஸின் கதை இன்னும் வியப்பானது. பழ ஈக்களோடு வாழும் அதன் காட்டுவகைக்கு லாக்டோஸைப் பயன்படுத்தும் ஆற்றல் இல்லை. பால்வகை அவ்வாற்றலை மார்க்ஸியானஸிடமிருந்து பெற்றது என்று 2019இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் நிறுவினர். அது மரபுவழி வந்த சொத்தன்று. ஒரு மொழி அண்டைமொழியிடம் பெற்ற கடன்சொல்லைப் போன்றது. குடிவழி மரம் மட்டும் வரைந்தால் இக்கொடை கண்ணுக்குப் புலப்படாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பன்னீர் செய்தபின் எஞ்சும் தெளிநீரில் ஏறத்தாழ 5 விழுக்காடு லாக்டோஸ் உண்டு. அதனை நீர்நிலையில் விட்டால் நீரின் உயிர்வளி குன்றும். தகுந்த ஈஸ்ட்டை வளர்த்தால் பயனுள்ள நொதி கிட்டும். 2008இல் லூதியானா ஆய்வாளர்கள் இத்தெளிநீரில் எம்.டி.சி.சி. 1388 என்ற திரிபை வளர்த்து லாக்டோஸைப் பிளக்கும் நொதியைப் பெற்றனர். அங்கு இனப்பெயரைவிட அந்த எண்ணே இன்றியமையாதது. இனத்தை மட்டும் குறித்து எண்ணை விடுத்தால், அடுத்தவர் வேறொரு திரிபை வளர்த்து, முந்தைய முடிவையே ஐயுறக்கூடும்.

கன்னடமும் தமிழும் சோலிகர் மொழியும் அருகருகே வழங்கும் சாமராஜநகரில் கடன்சொல் புதிதன்று. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதை மொழியின் பெயர் சொல்லாது. அச்சொல்லின் வடிவமும் வழக்கும் பதிவானால்தான் தெரியும். ஈஸ்ட்டுக்கும் அவ்வாறே: எப்பாலில், எவ்வூரில், எந்த நாளில் கிடைத்தது என்னும் குறிப்போடு காக்கப்பட்ட திரிபே வருங்கால ஆய்வுக்குச் சான்றாகும்.