இரண்டரை அங்குலம்

"லேப்டாப் ரொம்ப ஸ்லோ, தூக்கிப் போட்டுடலாமா?" என்று சீத்தா கேம்ப்பில் ரிப்பேர் கடையில் கேட்டால், "எதுக்கு அண்ணே? ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம்" என்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம், முடிந்தது வேலை. இது இவ்வளவு சுலபமானதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் டிஸ்க் டிரைவில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன். கொள்ளளவு சுமார் 5 எம்.பி.தான் (இன்றைக்கு ஒரு கல்யாண போட்டோவுக்கே சரியாப் போயிடும்!). 1980-ல் சீகேட் அதே 5 எம்.பி.யை ஐந்தேகால் அங்குலத்தில் அடக்கியது. 1988-ல் பிரெய்ரிடெக் என்ற அமெரிக்கக் கம்பெனி இரண்டரை அங்குல டிரைவைக் கொண்டுவந்தது, 20 எம்.பி. அந்தக் கம்பெனி சில வருடங்களிலேயே திவாலாகிவிட்டது. ஆனால் அந்த அளவு நிலைத்துவிட்டது. 1991-ல் சான்டிஸ்க் (அப்போது சன்டிஸ்க்) சுழலும் தட்டே இல்லாமல், ஃபிளாஷ் சிப்பை வைத்து ஐ.பி.எம்முக்குச் செய்துகொடுத்ததும் 20 எம்.பி.தான். விலை சுமார் 1000 டாலர்!

இன்றைய சாட்டா எஸ்.எஸ்.டி.யும் அதே இரண்டரை அங்குலப் பெட்டிதான். அதனால்தான் பழைய இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது. வேகத்துக்குக் காரணமும் எளிது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு ஒரு முறை சுற்றவே 11 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குமேல் முள் நகரும் நேரம் வேறு. சிப்பில் சுற்ற எதுவுமில்லை.

சரி, உள்ளே இருப்பது என்ன? எங்கள் பக்கத்துக்கு அதுதான் பெரிய கேள்வி. 1976-ல், நெருக்கடி நிலையின்போது, பாபா அணுசக்தி மையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜனதா காலனியை இடித்து, சுமார் 70,000 பேரைக் கொண்டுவந்து விட்ட இடம்தான் சீத்தா கேம்ப். இடிப்பை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம், பின்னாளில் மகசேசே விருது (2000) பெற்றவர். அன்று முதல் இங்கே ஒரு வீட்டுக்கு உயிர்நாடி காகிதம்தான். போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில். பேங்க்கில் கடன் கேட்டு வருபவர்கள் முதலில் நீட்டுவது ஸ்கேன் செய்த காப்பியைத்தான். ஒரிஜினல் கரையான் அரித்த வீடுகளில் அந்த ஸ்கேன் மட்டுமே மிச்சம்.

அதனால் டிஸ்க் மாற்றும்போது, மொத்தத்தையும் புதிதுக்கு காப்பி செய்து, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழையதை யு.எஸ்.பி. கேஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் கேட்பார், கொடுக்காதீர்கள். சுழலும் டிஸ்க் பெரும்பாலும் 'டக் டக்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பல நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். அழித்ததை மீட்பதும் அதில் மிகக் கடினம்.

இன்னொன்று. 2016-ல் வந்த டச் பார் மேக்புக் ப்ரோ முதல், சிப்பை போர்டிலேயே பற்றவைத்த லேப்டாப்புகள் பெருகிவிட்டன. அவற்றில் கழற்ற எதுவுமில்லை. போர்டு போனால் அதோடு எல்லாம் போச்சு. பிள்ளைகளுக்கு வாங்கும்போது, லாமிங்டன் ரோடானாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும், ஸ்டோரேஜ் கழற்றக்கூடியதா என்று முதலில் கேளுங்கள். ரேம் எத்தனை ஜி.பி. என்பதை அப்புறம் கேட்கலாம்.