புற்றுநோய்க்குக் காவல் நிற்கும் நம் சொந்த செல்கள்: ‘டி-ரெக்’ என்றால் என்ன?

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், ‘இம்யூனிட்டி ஏத்தணும்’ என்று ஏதாவது ஒரு மூலிகைப் பவுடரின் படம் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். உங்களுக்கும் வந்திருக்கலாம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால் நோய் வந்தது, ஏற்றினால் போய்விடும் என்பது அதன் கணக்கு. ஆனால் பல கட்டிகளுக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் ஏராளமாகவே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி கட்டிக்குச் சாதகமாக வேலை பார்க்கிறது. சிக்கலே அங்கேதான்.

இவற்றுக்கு ஒழுங்குபடுத்தும் டி-செல்கள், சுருக்கமாக ‘டி-ரெக்’ என்று பெயர். வில்லன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமிகளைத் தாக்கும் டி-செல்கள் சொந்த உடலையே பதம் பார்த்துவிடாமல் அடக்கி வைப்பது இவைதான். 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் இவற்றை அடையாளம் காட்டினார். 2001-ல் அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். டி-ரெக் உருவாக இந்த மரபணு அவசியம் என்பது பிறகு தெரியவந்தது. அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் எல்லாவற்றையும் சொந்த எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது.

கட்டி இவற்றை எப்படி வளைத்துப் போடுகிறது?

கூப்பிடுகிறது. சினைப்பை புற்றுநோயில் கட்டிப் பகுதியிலிருந்து வெளியாகும் சிசிஎல்22 என்ற வேதிப்பொருள் டி-ரெக் செல்களை உள்ளே இழுப்பதை 2004-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே இவை அதிகமாக இருந்த பெண்கள் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள். வந்து சேர்ந்த டி-ரெக், தாக்கும் செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2-ஐ உறிஞ்சிவிடும். ‘இதைத் தாக்கு’ என்று காட்டிக்கொடுக்கும் செல்களின் வாயையும் சிடிஎல்ஏ-4 புரதத்தால் அடைத்துவிடும்.

எல்லாப் புற்றுநோயிலும் இதே கதையா? இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் டி-ரெக் அதிகம் இருந்தவர்கள் நன்றாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. குடல் பாக்டீரியாக்களால் வரும் அழற்சியை அவை தணிப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இவற்றை அழித்துவிட்டால் ஆச்சே என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை. 1992-ல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற இன்டர்லூக்கின்-2 மருந்து, தாக்கும் செல்களோடு சேர்த்து டி-ரெக் செல்களையும் வளர்த்துவிட்டது. 2011-ல் மெலனோமாவுக்கு வந்த இபிலிமுமாப், சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கிறது. பிரேக்கை விடுவித்ததும் சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலருக்குக் குடலும் புண்ணானது. பிடி-1 மருந்துகளிலும் ஒரு விபரீதம் உண்டு: இரைப்பை புற்றுநோயாளிகள் சிலருக்கு அவை டி-ரெக் செல்களைத் தூண்டி, நோயை வேகப்படுத்தியதாக 2019-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று கூறியது. அதனால் இப்போது கட்டிக்குள் இருக்கும் டி-ரெக் செல்களை மட்டும் குறிவைக்கப் பார்க்கிறார்கள். அவற்றின் மேல் அதிகம் காணப்படும் சிசிஆர்8 என்ற புரதத்தைத் தாக்கும் மருந்துகள் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன.

இந்தியாவில் பெரிய தடை விலை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள், குணப்படுத்த முடியாத நிலையிலிருந்த தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, பிடி-1 மருந்தான நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான 240 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் இது சொற்பம். 2022-ல் வெளியான முடிவின்படி, வாய்வழி கீமோ மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3%. இந்த மருந்தும் சேர்ந்தபோது அது 43.4% ஆனது.

உங்கள் வீட்டில் யாராவது இம்யூனோதெரபியில் இருந்தால், வயிற்றுப்போக்கை ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று ஓஆர்எஸ் கலக்கிக் கொடுத்து மட்டும் சமாளிக்காதீர்கள். மூச்சுத்திணறல், விடாத சோர்வு, தோல் தடிப்பு ஆகியவையும் அப்படித்தான். மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம். அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்துக் கட்டுப்படுத்திவிடலாம். வேறு டாக்டரிடம் போனாலும் எடுக்கும் மருந்தின் பெயரை முதலில் காட்டுங்கள். அந்த மூலிகைப் பவுடரையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.