வூடூ மாக்பெத்

ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ துன்பியல் நாடகத்தைக் கரீபியன் தீவொன்றுக்கு மாற்றி, முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு ஆர்சன் வெல்ஸ் தம் 20ஆம் வயதில் இயக்கிய மேடையாக்கம். 1936 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த லாஃபயட் அரங்கில் அரங்கேறியது. பெருமந்தத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய கூட்டாட்சி நாடகத் திட்டத்தின் நீக்ரோ நாடகப் பிரிவு இதைத் தயாரித்தது.

ஸ்காட்லாந்தின் இடத்தில் 19ஆம் நூற்றாண்டு ஹைட்டியை ஒத்த தீவு அமைந்தது. சூனியக்காரிகள் ஹைட்டியின் சமய மரபான வூடூவின் சடங்குகளை நடத்துபவர்களாயினர்; அசதாத்தா டஃபோரா குழுவினரின் ஆப்பிரிக்க முரசுகள் அரங்கில் ஒலித்தன. மூலநாடகத்தில் சூனியக்காரிகளின் தலைவியான ஹெக்கேட் இங்கு சவுக்கேந்திய ஆண். ஜாக் கார்ட்டர் மாக்பெத்தாகவும் எட்னா தாமஸ் அவன் மனைவியாகவும் நடித்தனர். பெரும்பாலும் ஆடல்பாடல், நகைச்சுவை வேடங்களே தரப்பட்ட கறுப்பின நடிகர்கள் செவ்வியல் துன்பியலுக்கும் உரியவர்கள் என நிறுவியதே இதன் தலையாய சிறப்பு. இறுதிக் காட்சியின் சில நிமிடங்கள் படச்சுருளில் எஞ்சியுள்ளன.