உயிர்மூலப் பாலியெஸ்டர்

கரும்பு, மக்காச்சோளம், ஆமணக்கு போன்ற விளைபொருள்களிலிருந்து எடுத்த மூலக்கூறுகளை எஸ்டர் பிணைப்பால் சங்கிலியாகக் கோத்து ஆக்கும் நெகிழி. இவற்றுள் பரவலானது பாலிலாக்டிக் அமிலம். சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் தருகின்றன. அதை லாக்டைடு என்னும் வளையமாக்கி, வளையத்தைத் திறந்து நீளச் சங்கிலியாக்குகிறார்கள்.

லாக்டிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கை போல எல், டி என இரு வடிவங்கள் உண்டு. பண்பை மாற்றும் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எல் மட்டுமே இருந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகும். சுமார் 175 டிகிரி செல்சியசில் உருகும். டி வடிவத்தைக் கணிசமாகச் சேர்த்தால் படிகமாகாமல் தெளிந்த, எளிதில் வார்க்கக்கூடிய நெகிழி கிடைக்கும். தூய எல், தூய டி சங்கிலிகளைச் சரிபாதியாகக் கலந்தால் உருகுநிலை 230 டிகிரியை எட்டும் என்று ஜப்பானின் இக்காடா குழு 1987இல் காட்டியது. பாலிலாக்டிக் அமிலத்தால் செய்து படிகமாக்காத கோப்பையோ 60 டிகிரிக்கே இளகிவிடும். சூடான தேநீர் ஊற்றினால் கோணும். படிகமாக்கினால் சூடு தாங்கும், ஆனால் மக்குவது தாமதமாகும். பைக்கு நெகிழ்வு வேண்டிச் சேர்க்கும் பி.பி.ஏ.டி. என்னும் மற்றொரு பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. 'மக்கும் பை' என்ற முத்திரை அதைச் சொல்வதில்லை.

மக்குவது இடத்தைப் பொறுத்தது என்பதை ஒரு காட்டுச்சாலையில் பார்க்கலாம். மைசூருக்குத் தெற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள குண்டலுபேட்டையில் சாலை பிரிகிறது: ஒன்று பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கு, மற்றொன்று சுல்தான் பத்தேரிக்கு. இரண்டும் யானைக்காட்டை ஊடறுப்பவை. மக்கும் நெகிழிக்கான தரச்சோதனை 58 டிகிரி உரக்குவியலில், 180 நாளுக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்கிறது. பந்திப்பூர் சாலையோர மண்ணில் அந்தச் சூடு கிடையாது. அங்கே வீசிய கோப்பை ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கரும்பு இந்த வட்டாரத்திலும் விளைகிறது. பக்கத்து நஞ்சன்கூடு வட்டத்தில் பண்ணாரி அம்மன் சர்க்கரை ஆலை இயங்குகிறது. ஆனால் பாலிலாக்டிக் அமிலத்துக்கான பெரிய ஆலை எழுவது உத்தரப் பிரதேசத்தின் கும்பியில். பல்ராம்பூர் சீனி மில்ஸ் ஆண்டுக்கு 80,000 டன் திறனுடன் அதைக் கட்டுகிறது. புனே அருகே ஜெஜுரியில் பிராஜ் நிறுவனம் 2024இல் ஒரு செயல்விளக்க ஆலையைத் திறந்தது.

சாதாரண மண்ணிலும் மக்குவது இன்னொரு வகை: பாக்டீரியா தன் உடலுக்குள் உணவுச் சேமிப்பாக வைக்கும் பாலிஹைட்ராக்சி பியூட்டிரேட். பிரான்சின் மோரீஸ் லெமுவாஞ் 1920களில் கண்டறிந்தது. தனியாக இது நொறுங்கும். சங்கிலியில் ஹைட்ராக்சி வாலரேட் என்னும் வேறு அலகுகளைச் சேர்க்கச் சேர்க்க இளகி, உருகுநிலையும் இறங்கும். பாலிலாக்டிக் அமிலத்தைவிட விலை அதிகம்.