கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

காளப்பநாயக்கன்பட்டியில் கூடை என்றால் சுமக்கிற சாமான். கொல்லிமலையிலிருந்து அன்னாசியும் வாழையும் பலாவும் இறங்கி வருகிற வழியில் இருக்கிற ஊர் எங்கள் ஊர். கூடைக்குள் ஒன்றைப் போட்டால் பிறகு வெளியே எடுக்கத்தான் போடுவார்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற நகரத்திலும் 1891 டிசம்பர் வரையில் இந்த நியாயம்தான் நடைமுறையில் இருந்தது. அந்த மாதம் அங்கே ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, மாணவர்களைக் கீழேயிருந்து பந்தை எறியச் சொன்னார். கூடையின் அடியை வெட்டிவிடலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பந்து உள்ளே விழும்போதெல்லாம் ஓர் ஆள் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தார்.

கூடைப்பந்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் நெய்ஸ்மித்தில் தொடங்கி, வாசற்படியில் குனிந்து நுழைகிற நெட்டை மனிதர்களில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அக்கறை வேறிடத்தில். ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே ஒருவர் நிற்கிறாரே, கையைப் பிசைந்துகொண்டு, கத்தித் தொண்டை கட்டிப்போய்! பெண்கள் கல்லூரி அணிக்கு அப்படி நின்றவர்களின் கதை நாவலாசிரியனுக்கு ஏற்ற கதை.

முதலில் நின்றவர் ஸெண்டா பெரென்ஸன் என்ற அம்மையார். 1868-இல் லிதுவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோருடன் பாஸ்டன் நகரத்துக்குக் குடியேறியவர். ஓவியக் கலை விமரிசகராகப் பின்னால் உலகப் புகழ் பெற்ற பெர்னார்ட் பெரென்ஸன் இவருடைய தமையனார். ஸெண்டாவுக்குச் சங்கீதத்தில் ஆசை. ஆனால் முதுகு பலவீனம். பியானோவின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வலி. ‘உடம்பைத் தேற்றிக்கொண்டு வா’ என்று 1890-இல் ஒரு தேகப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேண்டா வெறுப்பாகப் போனார். போன இடத்தில் முதுகு நேராயிற்று, பியானோ மறந்துபோயிற்று. 1892 ஜனவரியில் நார்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரிக்குத் தேகப் பயிற்சி ஆசிரியையாக வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பெண்கள் படிப்பதையே வைத்தியர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் உடம்பு கெடும், பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று புத்தகம் எழுதியவர்கள் உண்டு. ஆகவே பெண்கள் கல்லூரிகளுக்குத் தேகப் பயிற்சி என்பது ஒரு விதத்தில் தற்காப்பு வாதம்: ‘எங்கள் பெண்கள் நோயாளிகள் அல்லர்’ என்று காட்ட வேண்டிய கட்டாயம். அதற்காகக் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று ஸ்வீடன் தேசத்துப் பயிற்சியைச் செய்யச் சொன்னால் பெண்கள் கொட்டாவி விட்டார்கள். பெரென்ஸனுக்கும் அலுப்புத்தான். அப்போதுதான் அடுத்த ஊரான ஸ்பிரிங்பீல்டிலிருந்து புது விளையாட்டின் செய்தி வந்தது.

1893 மார்ச் 22-ஆம் தேதி ஸ்மித் கல்லூரியில் முதலாண்டு மாணவியருக்கும் இரண்டாமாண்டு மாணவியருக்கும் பந்தயம். ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் தொளதொளவென்ற கால்சட்டை அணிந்து ஆடுவதை அவர்கள் பார்க்கலாகாதாம். அம்மையார் நடுவில் நின்று பந்தை மேலே எறிந்தார். எறிந்த வேகத்தில் முதலாண்டு அணித் தலைவியின் நீட்டிய கை மீது அவர் கை மோதி, அந்தப் பெண்ணின் தோள்பட்டை நழுவிவிட்டது! ‘பெண்களுக்கு இது ஆபத்து’ என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. தோளைச் சரி செய்தார்கள், வேறொரு பெண் உள்ளே வந்தாள், இரண்டாமாண்டு அணி 5-4 என்று ஜயித்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அம்மையார் பயந்து கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

பயம் இல்லாமல் இல்லை. அதன் அடையாளம் அவர் செய்த விதிகளில் தெரிகிறது. களத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு ஒருத்தி அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது. இன்றைக்குப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், மாமியார் மருமகளுக்குப் போட்ட சட்டம்போல் இருக்கிறதே என்று. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஒருத்தியே முழுக் களத்திலும் ஓடி எல்லாப் புகழையும் வாரிக்கொள்ள முடியாது. நன்றாக ஆடுகிறவளும் ஆடத் தெரியாதவளும் பந்தைக் கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும். இந்த விதிகள் 1901-இல் புத்தகமாக வெளிவந்தன.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கிளாரா பேயர் என்ற மற்றோர் ஆசிரியையும் 1895-இலேயே பெண்களுக்கென்று விதிகள் வெளியிட்டிருந்தார். நெய்ஸ்மித்தின் வரைபடத்தில் ஆட்டக்காரர் நிற்கும் இடங்களைக் காட்டப் போட்டிருந்த புள்ளிக் கோடுகளை, தாண்டக் கூடாத எல்லைகள் என்று அவர் நினைத்துக்கொண்டார் என்பது வழங்கி வருகிற கதை. படத்தை ஒருவர் தப்பாகப் படித்ததால் எத்தனையோ பெண்கள் கட்டத்துக்குள் நின்று ஆடினார்கள்!

அந்தக் கட்டங்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்துக்குப் போன கூடைப்பந்து அங்கே வேறு உருவம் எடுத்தது; இலங்கைத் தமிழர்கள் அதை வலைப்பந்தாட்டம் என்கிறார்கள். அதில் இன்றைக்கும் ஒவ்வொருத்திக்கும் போகக் கூடிய பகுதி இன்னது என்று வரையறை உண்டு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி எட்டங்குலத்துக்கும் மேற்பட்ட உயரத்தோடு வளையத்தின் அடியில் நின்று, 2009-இலும் 2018-இலும் இலங்கை ஆசியக் கோப்பையை வெல்வதற்குத் துணையாக இருந்தது அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குள்தான்.

வேற்றுக் கல்லூரியோடு மோதுவதைப் பெரென்ஸன் விரும்பவில்லை. மேற்குக் கரைப் பெண்கள் அவரைக் கேட்கவில்லை. 1896 ஏப்ரல் 4-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் மோதின. ஸ்டான்போர்டு 2-1 என்று வென்றது. பார்வையாளர்கள் அத்தனை பேரும் பெண்கள். பிறகு 1920-களில் தேகப் பயிற்சி ஆசிரியைகள் மறுபடியும் கையை ஓங்கினார்கள். பந்தயம் வேண்டாம், எல்லாப் பெண்களும் ஆடட்டும் என்று பல கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரித்து, ஆடி முடித்ததும் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். யார் ஜயித்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜயிக்கத் துடித்த பெண்ணுக்கு அந்தத் தேநீர் எப்படி இறங்கியிருக்கும்?

நம் பக்கம் வருவோம். நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் 1919-இல் சென்னைக்கு வந்தார்; அடுத்த ஆண்டு ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1943-இல் காலமாகும் வரையில் அதுதான் அவருக்கு உலகம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலோடு நிற்கிற பி.டி. மாஸ்டரின் வமிசாவளியைத் தேடிப் போனால் அநேகமாக அங்கேதான் போய் முட்டும். சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914-இலும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இலும் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆனால் பெண்களுக்கு வெகு காலம் எறிபந்தும் வளையப்பந்தும்தான் போதும் என்று இருந்தார்கள். என் அத்தை ஒருத்தி 1960-களில் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவள், தாவணியை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு. ‘டீச்சர் வீடு வந்து அப்பாகிட்ட மன்னாடலேன்னா என்னை விட்டிருக்கவே மாட்டாங்க’ என்பாள். ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பது பாதி வேலை. தகப்பனார்களிடம் மன்றாடுவது மற்றப் பாதி.

மன்றாடுவதும் பிச்சை எடுப்பதும் அமெரிக்காவிலும் இருந்தன. பிலடெல்பியாவின் பக்கத்தில் இமாகுலாட்டா என்று கன்னிகாஸ்திரீகள் நடத்திய சின்னக் கல்லூரி. அதன் விளையாட்டுக் கூடம் 1967-இல் எரிந்துபோயிற்று. 1970-இல் காத்தி ரஷ் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் பயிற்சியாளராக வந்தார். வருஷத்துக்கு 450 டாலர் சம்பளம். பல் துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1972-இல் முதல் தேசியப் போட்டிக்கு எட்டுப் பெண்களை அழைத்துப் போகத்தான் காசு இருந்தது. சற்று முன்னால் தங்களை 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்த வெஸ்ட் செஸ்டர் அணியை இறுதி ஆட்டத்தில் 52-48 என்று வென்றார்கள். அதற்கு அடுத்த இரண்டு வருஷமும் அவர்களே. கன்னிகாஸ்திரீகள் வாளியைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

அதே 1972-இல் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது, மைதானம் வந்தது, சம்பளம் வந்தது. சம்பளம் வந்ததும் ஆண்கள் வந்தார்கள். சட்டம் வந்த வருஷத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள்; நாற்பது ஆண்டுகள் கழித்துப் பாதிகூட இல்லை. கூலியில்லாத காலமெல்லாம் பெண்ணின் வேலையாக இருந்தது, கூலி கிடைத்ததும் திறமையின் வேலை ஆகிவிட்டது. நாற்று நடுகிறவளுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கும் இடையில் நம் வயலில் நடந்ததும் இதுதான்.

விலக்காக நின்றவர்களில் பெரியவர் பாட் சம்மிட். 1974-இல் டென்னஸி பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வயதில், மாதம் 250 டாலருக்குச் சேர்ந்தார். அணியின் வண்டியை ஓட்டியதும் அவரே, சீருடைகளைத் துவைத்ததும் அவரே. முப்பத்தெட்டுப் பருவங்களில் 1,098 வெற்றிகள், எட்டுத் தேசியப் பட்டங்கள். அவரிடம் முழுக்காலமும் ஆடிய பெண்கள் எல்லோரும் பட்டமும் பெற்றார்கள் என்பதை நான் அந்த எண்களைவிட மேலாக மதிக்கிறேன். 2011-இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், அவருக்கு மறதி நோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர் மறைக்கவில்லை, ஊரறியச் சொன்னார். இன்னொரு பருவம் பெஞ்சியில் வந்து உட்கார்ந்தார். உதவிப் பயிற்சியாளர்கள் ஆட்டத்தை நடத்தினார்கள். அவருக்கு விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஹாலி வார்லிக், ஒரு காலத்தில் அவரிடமே ஆடியவர். 2012 ஏப்ரலில் பதவி விலகியபோது சம்மிட் தம் விசிலை வார்லிக்கின் கையில் கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு காலமானார்.

வார்லிக் ஏழு பருவங்கள் அந்த இடத்தில் இருந்தார். 2019-இல் அவரை விலக்கிவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். புதிதாக வந்த கெல்லி ஹார்ப்பரும் சம்மிட்டிடம் ஆடிய பெண்தான்.